குந்தி வருவது எல்லோருக்கும் தெரியும்

எங்கள் நாடகக் குழு அடுத்த ஆண்டு விழாவுக்குக் கர்ணன் கதையை எடுத்துக்கொண்டிருக்கிறது. ஒன்றரை மணி நேரம், பதினோரு நடிகர்கள், ஒரே மேடை, மாற்றிப் போட இரண்டு படுதாக்கள். யாருக்கு எந்த வேடம் என்பது ஒரே மாலையில் முடிந்துவிட்டது. மூன்று ஞாயிற்றுக்கிழமைகளைத் தின்றது ஒரே ஒரு கேள்விதான்: "நீ என் மகன்" என்று குந்தி சொல்லும் இடத்தை என்ன செய்வது?

சொல்கிறவளுக்குத் தெரியும். கேட்கிறவனுக்குத் தெரியாது. எதிரே நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் முந்நூறு பேருக்கோ பால்குடி மறந்த நாளிலிருந்து தெரியும். பாட்டி சொல்லியிருப்பாள். பாட்டி விட்டதை 1964-இல் வந்த 'கர்ணன்' படம் சொல்லியிருக்கும். அதையும் தவறவிட்டவர்களுக்குத் தொலைக்காட்சித் தொடர்கள் இருக்கவே இருக்கின்றன. ஊரறிந்த ரகசியத்தை மேடையில் எப்படி உடைப்பது? நாங்கள் எடைபோட்ட வழிகளை எழுதிவைக்கிறேன். குந்தியின் இடத்தில் வேறொரு தாயையோ தகப்பனையோ வைத்து நாடகம் போடுகிறவருக்கும் இந்தத் தலைவலி வரத்தான் செய்யும்.

பூசணிக்காயை மறைப்பது

முதலில் கழிக்க வேண்டியதைக் கழித்துவிடுகிறேன். பார்வையாளருக்கு எதுவும் தெரியாது என்று பாவித்துக்கொண்டு, பெட்டி, ஆறு, கைக்குழந்தை எதையும் முன்னால் காட்டாமல், கடைசியில் போட்டு உடைப்பது முதல் வழி. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை. ஆறேழு வருடங்களுக்கு முன் இதைச் செய்து நான் கெட்டிருக்கிறேன். குந்தி முக்காடு போட்டுக்கொண்டு மேடையின் இருட்டு மூலையிலிருந்து வருகிறாள். யாரோ ஒரு பெண் என்று கர்ணன் திகைக்கிறான். பின்னணியில் புல்லாங்குழல் நடுங்குகிறது. அவள் வாயைத் திறப்பதற்குள், மூன்றாவது வரிசையில் பாட்டியின் மடியிலிருந்த ஒரு குழந்தை, "அவன் அம்மா வந்துவிட்டாள்!" என்று அரங்கம் முழுக்கக் கேட்கும்படி அறிவித்தது. சிரிப்பு அடங்க அரை நிமிடம் ஆயிற்று. அதுவரை எங்கள் குந்தி முக்காட்டுக்குள்ளேயே நின்றுகொண்டிருந்தார். அதற்குப் பிறகு அவர் அழுதபோது கூட அழ ஆளில்லை.

குழந்தை மேல் பழி போடுவதற்கில்லை. பெரியவர்களும் அதையே மனதுக்குள் சொல்லிக்கொண்டிருந்தார்கள். "இந்த ஆள் எப்போது சொல்லப்போகிறார்" என்று அவர்கள் காத்திருந்த நேரத்தில் முன்னால் நடந்த காட்சிகள் எல்லாம் வீணாகிவிட்டன. சபையில் ஒருவன் கர்ணனைச் சூதன் மகன், அதாவது தேரோட்டி மகன் என்று இகழ்கிறான். நாங்களோ அவன் உண்மையிலேயே சூதன் மகன்தான் என்பது போல அந்தக் காட்சியை அமைத்திருந்தோம். வலிக்க வேண்டிய இடத்தில் வலி வரவில்லை.

"அவன் குந்தியின் மகனே இல்லை என்று மாற்றிவிட்டால்?" என்று எங்கள் குழு இளைஞர் ஒருவர் கேட்டார். மாற்றலாம். அப்போது அதற்குக் கர்ணன் என்று பெயர் வைக்காமல் இருப்பது நல்லது.

பெட்டியை முதலிலேயே மிதக்கவிடுவது

திரைப்படம் தேர்ந்தெடுத்த வழி இது. இயக்குநர் பந்துலுவின் 'கர்ணன்' குந்தி குழந்தையை ஆற்றில் விடுவதிலிருந்து தொடங்குகிறது. அதே கதையை நம் காலத்துக்குக் கொண்டுவந்த 'தளபதி' (1991), ஒரு சிறுமி பிள்ளை பெற்று அதைச் சரக்கு ரயிலில் விட்டுப் போவதைக் கறுப்பு வெள்ளையில் காட்டிவிட்டுத்தான் வண்ணத்துக்கு வருகிறது. ரகசியத்தை முதல் சில நிமிடங்களிலேயே கொட்டிவிட்டு, மீதி நேரம் முழுக்க அந்த மகனின் முகத்தை நம்மைப் பார்க்கவைப்பது இந்த முறை. இது வேலை செய்யும் என்பதற்குச் சான்று வேண்டுமா? 'கர்ணன்' 48 ஆண்டுகள் கழித்து 2012-இல் புதுப்பிக்கப்பட்ட பிரதியாகத் திரையரங்குகளுக்கு வந்து நூறு நாளைத் தாண்டி ஓடியது. டிக்கெட் வாங்கியவர்களில் முடிவு தெரியாதவர் யார்?

இந்த வழியில் மிகவும் லாபமடைவது ஆயுதப் பயிற்சி அரங்கேற்றக் காட்சி. வியாச பாரதத்தின் ஆதி பர்வத்திலேயே அது செதுக்கி வைத்தது போல இருக்கிறது. அர்ச்சுனனுக்குச் சமமாக வில் பிடிக்கிறவன் யார், அவன் குலம் என்ன என்று கேட்கிறார்கள். கர்ணன் தலைகுனிகிறான். துரியோதனன் அங்கேயே அவனை அங்க நாட்டு அரசனாக்குகிறான். அப்போது மேலாடை நழுவ, வியர்த்து, கோலூன்றி, நடுங்கிக்கொண்டு, கர்ணனை வளர்த்த கிழத் தேரோட்டி அதிரதன் உள்ளே வருகிறான். அபிஷேக நீரால் நனைந்த தலையோடு கர்ணன் அவன் காலில் விழுகிறான். பீமன் சிரித்து, "உனக்குச் சாட்டைதான் பொருத்தம்" என்கிறான். மேலே பெண்கள் இருக்கும் மாடத்தில் குந்தி, இரண்டு மகன்களும் மோதத் தயாரானபோதே மயங்கி விழுந்திருந்தாள். விதுரன்தான் பணிப்பெண்களை விட்டு அவள் மேல் சந்தன நீர் தெளிக்கச் செய்து தெளியவைத்தான். பெட்டியை முன்பே பார்த்துவிட்டவர்களுக்கு இந்தக் காட்சி தாங்க முடியாதது. தம்பி அண்ணனை இகழ்கிறான், பெற்றவள் மேலே இருந்து பார்க்கிறாள்.

நட்டம், கதையின் பின்பாதியில் வருகிறது. எல்லாவற்றையும் முதலிலேயே கொடுத்துவிட்டதால் குந்தியும் கர்ணனும் நேருக்கு நேர் நிற்கும்போது புதிதாக எதுவும் கையில் இல்லை. நடிப்பால் மட்டுமே அதைத் தூக்க வேண்டும். சிவாஜி கணேசன் தூக்கினார். எங்கள் கர்ணன் பகலில் வங்கியில் கணக்குப் பார்க்கிறவர். நல்ல குரல், நல்ல உயரம், ஆனால் அழச் சொன்னால் தும்முவது போல இருக்கும். தவிர, தொண்ணூறு நிமிட நாடகத்தில் ஆற்றுக்கும் பெட்டிக்கும் பத்து நிமிடம் போய்விடும். கதை தெரியாத சிறுவர்களுக்காகப் பள்ளியில் போடுவதென்றால் நான் யோசிக்காமல் இந்த வழியையே எடுப்பேன்.

வில்லிபுத்தூராரின் துகில்

தமிழ்ப் பாரதம் பாடிய வில்லிபுத்தூரார் இந்தச் சிக்கலை எங்களைவிடக் கெட்டிக்காரத்தனமாகக் கையாண்டிருக்கிறார். அவருடைய பாட்டைக் கேட்டவர்களுக்கும் கதை முன்பே தெரிந்ததுதான். அதனால் "இவள் தாயா?" என்ற கேள்வியை அவர் பார்வையாளரிடம் கேட்கவில்லை, கர்ணனைக் கேட்கவைத்துவிட்டார். குந்தி வந்து உண்மையைச் சொல்கிறாள். அவன் உருகிவிடவில்லை. இதற்கு முன்னும் பல பெண்கள் நான்தான் உன்னைப் பெற்றவள் என்று சொல்லிக்கொண்டு வந்ததுண்டு, என்னிடம் ஒரு தெய்வத் துகில் இருக்கிறது, பொய் சொன்னவர்கள் அதை உடுத்தி எரிந்துபோனார்கள் என்கிறான். துகிலை எடுத்து நீட்டுகிறான். குந்தி உடுத்துகிறாள். துகில் அவளை ஒன்றும் செய்யவில்லை. அவளுக்குப் பால் சுரக்கிறது.

முடிவு தெரிந்தவனுக்கும் அந்தத் துணி கைமாறும் கணத்தில் ஒரு படபடப்பு வரும். அவள் தாய்தான் என்று தெரியும், அது எரியாது என்றும் தெரியும். ஆனாலும் இத்தனை வருடம் கழித்து வந்து நிற்கிறவளை அது கொஞ்சமாவது சுட்டால் என்ன என்று நம்மில் ஒரு பாதி நினைக்கிறது. அந்தக் கள்ள ஆசையைத்தான் கவிஞர் தொட்டிருக்கிறார்.

அதோடு விடவில்லை. குந்தி இரண்டு வரம் கேட்கிறாள்: நாக அம்பை இரண்டாம் முறை தொடக்கூடாது, அர்ச்சுனனைத் தவிர மற்ற மகன்களைக் கொல்லக்கூடாது. கர்ணனும் பதிலுக்குக் கேட்கிறான்: இதை இப்போது யாரிடமும் சொல்லாதே, நான் போரில் விழுந்தால், அன்று எல்லோரும் பார்க்க வந்து என்னை மடியில் எடுத்து மகன் என்று சொல்லிப் பால் கொடு. ஒரு ரகசியம் இங்கே வாக்குறுதியாக மாறிவிடுகிறது. போர்க்களத்துக்கு அவள் ஓடி வரும்போது, பாண்டவர்களைத் தவிர எல்லோரும் காத்திருந்த வருகை அது.

வட தமிழகத்துக் கூத்துக்காரர்கள் விடியவிடிய ஆடும் 'கர்ண மோட்சம்' இந்த மரபில் வந்தது. கூத்தில் மறைப்பதற்கே இடமில்லை. வேடம் கட்டியவர் திரைக்குப் பின்னால் வந்து நிற்பார், கட்டியங்காரன் யாரென்று கேட்பான், அவர் தன் பெயரையும் பெருமையையும் பாடிவிட்டுத்தான் வெளியே வருவார். சில பகுதிகளில் கருமாதிக்கு இந்தக் கூத்தை வைப்பார்கள். பதினாறு நாளைக்கு முன்னால் தகப்பனையோ மகனையோ பறிகொடுத்த வீட்டின் முன்னால், முகவீணைக் குழல் இழுக்க, குந்தி மகனை மடியில் போட்டுக்கொண்டு ஒப்பாரி வைக்கிறாள். எதிரே பாயில் உட்கார்ந்திருக்கும் பெண்கள் கர்ணனுக்காகவா அழுகிறார்கள்? கதை தெரிந்திருப்பது அங்கே ஒரு குறையே இல்லை. அழ வேண்டிய இடம் எப்போது வரும் என்று தெரிந்தால்தான் அழுகையை அதுவரை சேர்த்துவைக்க முடியும்.

இரவு முழுக்க நேரமும், அந்தக் குரலும், அந்தப் பாயும் இருந்தால் வேறு வழி தேடவே வேண்டாம். எங்களிடம் இருப்பது தொண்ணூறு நிமிடமும் குளிரூட்டிய அரங்கமும். துகில் காட்சியை ஒத்திகையில் செய்து பார்த்தோம். மஞ்சள் பட்டை எடுத்து நீட்டியதும் கடையில் புடவை காட்டுவது போல இருந்தது. விளக்கை மாற்றினோம், பட்டை மாற்றினோம். பாட்டாக இருந்தபோது எரிந்த துணி, வசனமானதும் எரிய மறுத்துவிட்டது.

அவனுக்கும் தெரியும்

நான்காவது வழியை எங்களுக்குக் காட்டியவர் குழுவிலேயே மூத்தவர், ஓய்வு பெற்ற ஆசிரியர். மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை வியாச பாரதத்தின் உத்தியோக பர்வத்தைக் கொண்டுவந்து வாசித்தார். சமாதானம் பேச வந்த கிருஷ்ணன், பேச்சு முறிந்து திரும்பும்போது கர்ணனைத் தன் தேரில் ஏற்றிக்கொண்டு போகிறான். நீ குந்தியின் மகன், பாண்டவர்களில் மூத்தவன், வா, அரசு உனக்கு என்கிறான். நம் மனதில் பதிந்திருக்கும் கர்ணன் இந்த இடத்தில் இடிந்து உட்கார வேண்டும். வியாசரின் கர்ணன் சொல்கிறான்: இதெல்லாம் எனக்குத் தெரியும்.

வாசிப்பதை நிறுத்தச் சொன்னோம். இன்னொரு முறை அந்த வரியை வாசிக்கச் சொன்னோம்.

யார் சொல்லித் தெரிந்தது என்று அவன் அங்கே விளக்குவதில்லை. அதற்குப் பதிலாகத் தன்னை வளர்த்த தாய் ராதையைப் பற்றிப் பேசுகிறான். என்னைக் கண்டதும் அவளுக்குப் பால் சுரந்தது, என் மலமூத்திரத்தை அள்ளியவள் அவள், அவளுக்கு எப்படிப் பிண்டம் மறுப்பேன் என்கிறான். கடைசியில் கிருஷ்ணனிடம் ஒரு வேண்டுகோள் வைக்கிறான்: இதைத் தருமனிடம் சொல்லிவிடாதே, தெரிந்தால் அவன் அரசை ஏற்க மாட்டான், எனக்குத் தருவான், நானோ அதைத் துரியோதனனிடம் கொடுத்துவிடுவேன். ரகசியம் யாரைச் சுட வேண்டுமோ அவனே அதற்குக் காவல்காரன் ஆகிவிட்டான்.

எங்கள் கேள்விக்கு இதைவிடப் பொருத்தமான பதில் கிடையாது என்பது என் கட்சி. கர்ணன் யார் என்பது அரங்கத்தில் எல்லோருக்கும் தெரியும். அது கர்ணனுக்கும் தெரியும் என்பது பலருக்குத் தெரியாது. பழைய பூட்டை அப்படியே தொங்கவிட்டுவிட்டு, பக்கத்தில் ஒரு கதவைத் திறக்கலாம். எங்கள் கர்ணனும் இந்த வழியில் பிழைத்துக்கொள்வார்; அவர் இங்கே அழ வேண்டியதில்லை, வங்கியில் கடன் விண்ணப்பத்தைத் திருப்பிக் கொடுக்கிறவர் போல நிதானமாக அந்த ஒரு வாக்கியத்தைச் சொன்னால் போதும்.

அடுத்து வருகிறது குந்தி காட்சி, அதுவும் வேறாக மாறிவிடுகிறது. கங்கைக் கரையில் கர்ணன் கிழக்கே பார்த்துக் கைகளை உயர்த்தி ஜபம் செய்துகொண்டிருக்கிறான். குந்தி பின்னால் வந்து நிற்கிறாள். வெயில் தாங்காமல் அவனுடைய மேலாடையின் நிழலில் ஒதுங்குகிறாள், வாடிய தாமரை மாலை போல. முதுகு சுடும்வரை ஜபம் செய்துவிட்டுத்தான் அவன் திரும்புகிறான். திரும்பியதும் அவன் சொல்லும் முதல் வார்த்தை: "ராதையின் மகன், அதிரதனின் மகன் வணங்குகிறேன்." தெரிந்துகொண்டே சொல்கிறான். அவனுக்குத் தெரியும் என்பது குந்திக்குத் தெரியாது. "நீ ராதையின் மகன் அல்ல" என்று அவள் தொடங்கும்போது, நாமும் கர்ணனும் ஒரு பக்கம் நிற்கிறோம், அவள் தனியாக எதிரே நிற்கிறாள். நான் பார்த்த எந்த மேடையிலும் குந்தி இவ்வளவு தனியாக நின்றதில்லை.

இந்த இடத்தில் ஒளியமைப்பாளருக்கும் எனக்கும் சண்டை. தாகூர் வங்காளியில் எழுதிய கர்ணன்–குந்தி உரையாடலில் அந்தி நேரம், மறையும் சூரியன். அந்தச் சிவப்பைப் போட வேண்டும் என்று அவர் ஒற்றைக்காலில் நிற்கிறார். அழகுதான். ஆனால் அந்தியில் நிழல் தேட வேண்டிய அவசியம் இல்லை. பெற்ற பிள்ளையின் துணி நிழலில் ஒதுங்கும் அம்மாவை விட்டுவிட எனக்கு மனமில்லை. உச்சி வெயில்தான்.

இந்த வழிக்கும் விலை உண்டு. துகில் போய்விடும், முன்பே தெரிந்தவன் எதற்குச் சோதனை வைக்கிறான்? பார்வையாளர் சிலருக்குக் கோபமும் வரும். எங்கள் குழுவிலேயே ஒருவர், "அப்படியென்றால் தெரிந்தே தம்பிகள் மேல் அம்பு விட்டானா?" என்று கேட்டுவிட்டு, தேநீர் குடிக்காமல் எழுந்து போனார். அடுத்த வாரம் வந்தார். இன்னமும் அதையே கேட்டுக்கொண்டிருக்கிறார். நாடகம் முடிந்து முந்நூறு பேர் இதே கேள்வியோடு பஸ் ஏறினால் எனக்குச் சம்மதமே. களத்தில் குந்தியின் ஒப்பாரி இல்லாமல் போவதுதான் பெரிய இழப்பு; எங்கள் குந்திக்கு அதற்கான குரல் இருக்கிறது, அவருக்கு வருத்தம் தீரவில்லை.

கடைசியில் தெரிந்துகொள்கிறவன்

வியாசரில் அந்த ரகசியம் உண்மையிலேயே உடைகிற இடம் வேறு. போர் முடிந்து, கங்கைக் கரையில் இறந்தவர்களுக்கு நீர்க்கடன் செய்கிறார்கள். அப்போதுதான் குந்தி அழுதுகொண்டே மகன்களிடம் தாழ்ந்த குரலில் சொல்கிறாள்: கர்ணனுக்கும் நீர் விடுங்கள், அவன் உங்கள் அண்ணன். அபிமன்யு செத்ததைவிட, திரௌபதியின் பிள்ளைகள் செத்ததைவிட இது நூறு மடங்கு சுடுகிறது என்கிறான் தருமன். பெண்களுக்கு இனி ரகசியம் காக்கும் திறன் இல்லாமல் போகட்டும் என்று அவன் சபிப்பது இதற்குப் பிறகுதான். அந்தச் சாபத்தை நாங்கள் வெட்டிவிட்டோம். அரங்கம் சிரித்துவிடும், அந்த இடத்தில் சிரிப்பு வந்தால் எல்லாம் போச்சு.

வெட்டாமல் வைத்துக்கொண்டது வேறொன்று. சாந்தி பர்வத் தொடக்கத்தில் தருமன் நாரதரிடம் சொல்கிறான்: சூதாட்ட சபையில் கர்ணன் பேசிய கடும் சொற்களால் எனக்குக் கோபம் பொங்கியது, ஆனால் அவன் பாதங்களைப் பார்த்ததும் அந்தக் கோபம் அடங்கிவிட்டது, அவை என் தாயின் பாதங்களைப் போல இருந்தன, ஏன் என்று எவ்வளவோ யோசித்தும் அன்று விளங்கவில்லை.

ஆகவே எங்கள் முடிவு இது. பெட்டியும் வேண்டாம், முக்காடும் வேண்டாம். சூதாட்ட சபையில் தொடங்குகிறோம். கர்ணன் பேசுகிறான். தருமன் நிமிர்ந்து பார்க்கிறான், பிறகு கண்ணைத் தாழ்த்தித் தரையைப் பார்க்கிறான், அப்படியே இருக்கிறான். அவமானத்தில் தலைகுனிந்தான் என்றுதான் அரங்கம் நினைக்கும். தேர்க் காட்சி, கங்கைக் காட்சி, போர், நீர்க்கடன். தருமன் நாரதரிடம் பேசும் அந்த வரி கடைசிக்கு முந்தைய வசனம்.

போன ஞாயிறு ஒத்திகையில் தருமன் வேடக்காரர் கேட்டார்: "எவ்வளவு நேரம் காலையே பார்த்துக்கொண்டிருப்பது?" மூன்று மூச்சு என்றேன். ஒப்பனைக்காரரிடமும் சொல்லியாயிற்று: குந்திக்கும் கர்ணனுக்கும் காலில் செருப்பு கிடையாது, சலங்கை கிடையாது, மருதாணி கிடையாது. கீழிருந்து அடிக்கும் இரண்டு விளக்குகளுக்கு வாடகை விசாரித்திருக்கிறோம்.